பின்சீட்டுப் பேச்சு

எங்கள் மோட்டார் வண்டி வருவது கண்ணில் படுவதற்கு வெகு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆலங்குடிச் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் சரளைப் பாதையில் அது திரும்பினால் போதும். தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கிளம்பி, தென்னந்தோப்புகளைத் தாண்டி வீட்டுக்குள் வந்து சேரும். களத்தில் கடலை காயவைக்கும் பெண்கள் தலையைத் தூக்காமலே, "மண்டிக்காரர் வண்டி வருது" என்பார்கள்.

அது செட்டிநாட்டுப் பக்கம் யாரோ வைத்திருந்து, இரண்டு மூன்று பேர் கைமாறி அப்பாவிடம் வந்த அமெரிக்க வண்டி. துணி டாப்பு போட்டது. கண்ணாடிச் சன்னல் கிடையாது. உடம்பு முழுவதும் மரச்சட்டத்தின்மேல் தகரம் அடித்தது. எங்கள் ஊர் வெயிலில் அந்த மரம் சுருங்கிப்போய், ஒவ்வொரு இணைப்பும் தளர்ந்து கிடந்தது. இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். புது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன். புதுக்கோட்டையில் அப்பாவுக்குக் கடலை மண்டி இருந்ததால் கொஞ்சம் கிடைத்தது. மற்ற நாட்களில் அப்பா பஸ்ஸில் மண்டிக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் வண்டியை எடுப்போம். அப்பாவும் ஆத்தாவும் பின்சீட்டில் உட்காருவார்கள். திருக்கோகர்ணம் கோயிலில் ஆத்தாவை இறக்கிவிட்டு, அப்பா மண்டிக்குப் போவார். சாயங்காலம் இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். எங்கள் டிரைவர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டதால், காலேஜ் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் டிரைவர் ஆகியிருந்தேன்.

கொஞ்ச நாளாக ஒன்றைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமைகளில் வண்டியைவிட்டு இறங்கும்போது ஆத்தாவின் கண்கள் சிவந்திருந்தன. முகம் வீங்கியிருக்கும். கேட்டால், "தலைவலிடா. இந்த வண்டிச் சத்தம் மண்டைக்குள்ள போயி இடிக்குது" என்பாள். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. அந்தச் சத்தத்தை ஒழிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது, "எதுக்குடா வெட்டி வேலை? சத்தம் இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றார்.

"ஆத்தாவுக்குத் தலை வலிக்குதாமேப்பா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த வேலையில் என்னுடன் சேர்ந்துகொண்டது என் மதினி. அண்ணனின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத சமயத்தில் அண்ணன் ரங்கூனுக்குப் போனான். அங்கே ஒரு அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை வேலை. இரண்டு வருஷத்தில் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் ரங்கூனில் குண்டு விழுந்தது, ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் திரும்பி வந்துவிட்டது. அண்ணன் வரவில்லை. கடிதமும் இல்லை. எங்கோ முகாமில் இருப்பான், வந்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். மதினியும் அதையே நம்பினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் ஆத்தா கிளம்புவதற்கு முன்னால் மதினியை உட்காரவைத்துத் தலைபின்னிப் பூ வைத்துவிடுவாள்.

"அவுக வந்து புதுக்கோட்டை ஸ்டேஷன்ல எறங்குறப்ப இந்தத் தகரச் சத்தத்துலயா தம்பி கூட்டியாரப் போறீங்க? நானும் ஒத்தாசை பண்றேன். சொல்லுங்க, என்ன செய்யணும்?" என்று அவளாகவே வந்து நின்றாள்.

அவளுக்குக் காது நல்ல கூர்மை. நான் வண்டியைக் களத்தில் வட்டமாக ஓட்டுவேன். வீட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்துச் சிரிக்க, அவள் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "இங்கிட்டு இல்ல தம்பி, அங்கிட்டு. கதவுக்கு அடியில. பல்லு நறநறங்கிற மாதிரி ஒண்ணு, அதுக்கு அப்பால டக்கு டக்குன்னு இன்னொண்ணு." இறங்கிப் பார்த்தால் அவள் சொன்ன இடத்தில் ஒரு போல்ட் தன் ஓட்டைக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

முதலில் சுலபமானவற்றைப் பிடித்தோம். பின்சீட்டுக்கு அடியில் இருந்த டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர்களும் ஜாக்கியும் குதித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கோணித் துணியில் சுற்றிக் கட்டினோம். பானெட் படியும் விளிம்பில் தகரமும் தகரமும் மோதிக்கொண்டன. மதினி அரிக்கன் விளக்குத் திரியை நீளமாக வாங்கிவரச் சொன்னாள். அந்தத் தட்டைத் திரியை விளிம்பு நெடுக வைத்து ஒட்டியதும் பானெட் வாய் மூடிக்கொண்டது. கதவுகளின் பூட்டு நாக்குக்கு எதிரே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு. தட்டினால் தவில் மாதிரி அதிர்ந்தது. அதற்குள் தேங்காய் நாரைத் திணித்து அட்டையை மறுபடி அடித்தோம்.

கடினமான வேலை வண்டிக்கு அடியில் இருந்தது. வண்டியின் உடம்பு சட்டத்தின்மேல் உட்காரும் இடங்களில் இருந்த தோல் வில்லைகள் எப்போதோ பொடியாகியிருந்தன. ஆலங்குடியில் செருப்புத் தைப்பவரிடம் தடித்த எருமைத்தோலில் வில்லைகள் வெட்டி வாங்கிவந்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி அடியில் கொடுத்து இறுக்கினேன். பிரேக் கம்பிகள் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பலமான சுருள் கம்பியை மாட்டி அவற்றைக் கீழே இழுத்துக் கட்டினேன். ஸ்பிரிங் தகடுகள் பூனைபோலக் கத்தின. ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, தகடுகளை நெம்பி இடையில் கிரீசைத் தேய்த்தேன். மதினி தைத்துத் தந்த ரட்டுத் துணி உறைகளை அவற்றின்மேல் சுற்றினேன். மரச்சட்டத்தின் இணைப்புகளில் பனஞ்சிராயை ஆப்பாக அடித்து, விளக்கெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். டாப்பு வளைவுகளுக்குத் துணி சுற்றினோம். முன்கண்ணாடிக்கு ரப்பர் வைத்தோம்.

ஒரு சத்தம் அடங்கினால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று கேட்கும். அதைப் பிடித்தால் அடுத்தது. மதினி சலிக்கவே இல்லை. கடைசியில் ஒருநாள் களத்தைச் சுற்றி வந்தபோது எஞ்சினின் முனகலும் டயருக்கடியில் சரளை நொறுங்குவதும்தான் கேட்டன. அவள் கண்ணைத் திறந்து, "இப்ப வந்தாகன்னா தூங்கிட்டே வரலாம்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆத்தா மதினிக்குப் பூ வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள். அப்பா ஏறினார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். சரளைப் பாதையைத் தாண்டி ஆலங்குடிச் சாலைக்கு வந்தும் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போனதை அவர்கள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. வழக்கம்போல ஒருவரை ஒருவர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எப்போதும் வண்டியில் அப்படித்தான் உட்காருவார்கள். ஏதோ பேசுவார்கள். பேசுகிறார்கள் என்று தெரியும், ஒரு சொல்கூட முன்சீட்டுக்கு வராது.

அன்று வந்தது.

"என்னால முடியலங்க," என்றாள் ஆத்தா. "அவன் செத்து மாசக்கணக்கா ஆச்சு. இன்னைக்கும் அவ தலையில பூ வச்சு விட்டுட்டு வாரேன். அவளுக்குத் தெரிஞ்சிருமோன்னு பயமா இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. யார் செத்தது என்று மனம் வேறெங்கோ தேடியது. வேறு யாரோ, தூரத்துச் சொந்தம், ஊர்க்காரர்கள் யாராவது. பூ என்ற சொல் அப்புறம்தான் உள்ளே இறங்கியது. செத்தது அண்ணன்.

"சின்னவன் மக கல்யாணம் தையில வருது," என்றார் அப்பா. சின்னவன் என்றால் என் சித்தப்பா. "அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. இப்பச் சொன்னா அது நின்னுபோகும். சம்பந்தம் கைவிட்டுப் போயிரும்."

"கல்யாணத்துக்கு அப்புறமும் என் கையால அந்தப் பூவை எடுக்கச் சொல்லாதீங்க. எங்க அக்காளுக்குப் பண்ணுனதை நான் பாத்திருக்கேன். என்னால ஆகாது."

"அழாத. முன்னாடி இருக்கான்."

"அவனுக்கு எங்க கேக்கப் போகுது இந்தச் சத்தத்துல?"

அந்தச் சொல்லைக் கேட்டபோது என் கைகள் ஸ்டியரிங்கில் இருப்பதையே நான் உணரவில்லை. எதிரே ஒரு கட்டைவண்டி வந்தது. ஒதுங்கவேண்டும் என்று தெரிகிறது, கை திரும்பவில்லை. வண்டிக்காரர் கூச்சல் போட்டு மாட்டை இழுத்தார். நான் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன், கிளச்சை மறந்துவிட்டேன். எஞ்சின் ஒரு குலுக்கலுடன் நின்றது.

"என்னடா, கண்ணு எங்க இருக்கு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கி முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினேன். வண்டி கிளம்பியது. இன்னும் எத்தனையோ பேசினார்கள். வீட்டில் அப்பாவின் தம்பிகள் இரண்டு பேர் குடும்பமும் எங்களோடுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஆள் இருக்கும். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவும், ஆத்தா மனம் விட்டு அழவும் இருந்த ஒரே இடம் அந்தப் பின்சீட்டு. நான் அதைத்தான் கோணியும் தோலும் வைத்து அடைத்திருந்தேன்.

ரங்கூனிலிருந்து அண்ணனோடு நடந்து வந்த ஒருவர் மண்டியைத் தேடிவந்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். மலைக்காட்டில் வாந்திபேதி. இவ்வளவுதான் அன்று எனக்குத் தெரிந்தது. ஆத்தா கோயிலில் இறங்கிப் போனபின் அப்பாவை மண்டியில் விட்டுவிட்டு, வண்டியை ஒரு குளத்தங்கரையில் நிறுத்தினேன். அழுகை வரவில்லை. என் அண்ணன் செத்துப்போனான் என்பதைவிட, அவன் செத்துப்போன பிறகும் இத்தனை மாதங்களாக நாங்கள் சிரித்தோம், சாப்பிட்டோம், களத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினோம் என்பதுதான் அப்போது என்னைத் திகைக்க வைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மதினி ஓடிவந்தாள். "வண்டி வந்ததே தெரியல தம்பி! வாசல்ல நிழல் பட்டதும்தான் பாத்தேன். அத்தை, இப்பத் தலைவலி இல்லையே?"

ஆத்தா அப்போதுதான் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாவியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் மதினியின் எதிரில் வருவதைத் தவிர்த்தேன். அவள் சாப்பாடு போடும்போது இலையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். "என்ன தம்பி, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்பாள். அந்தக் குரலில் இருந்த தெளிவு எனக்குப் பயமாக இருந்தது. ஆத்தாவும் நானும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். கேட்கத் தைரியம் இல்லை.

கடலை உடைக்க வந்த ஒரு பெண்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். அன்னவாசலுக்குப் பக்கத்தில் அவளுடைய சொந்தக்காரர்கள் ஊரில் ஒருவர் பர்மாவிலிருந்து நடந்தே வந்திருக்கிறாராம். ரங்கூன் அரிசி மில்லில் வேலை பார்த்தவராம். மதினி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். எல்லோரும் இருக்கும்போதே ஆத்தாவிடம் கேட்டாள்.

"அத்தை, ஒருதடவை போயிக் கேட்டுட்டு வந்துருவோம். அவுகளை எங்கயாவது பாத்திருப்பாரு. தம்பி வண்டிய எடுக்கட்டும். இந்த வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போறதுக்குப் பதிலா அங்க போவோம்."

ஆத்தா ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் சித்தி, "போயிட்டுத்தான் வரட்டுமே அக்கா, பாவம். ஒரு சேதி கெடைச்சா நமக்கும் நிம்மதி" என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஆத்தாவிடம் ஒரு காரணமும் இல்லை. அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் தடுத்திருப்பார். ஆத்தா சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அப்பா அந்த வாரம் மண்டி வேலை அதிகம் என்று புதுக்கோட்டையிலேயே தங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆத்தாவும் மதினியும் பின்சீட்டில். புதுக்கோட்டை வரை மதினி பேசிக்கொண்டே வந்தாள். அந்த மனிதரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எந்த வழியாக வந்தீர்கள், முகாம் எங்கே இருக்கிறது, அங்கே சோறு கிடைக்குமா. ஒவ்வொரு சொல்லும் என் பிடரியில் விழுந்தது.

டவுனைத் தாண்டி அன்னவாசல் சாலையில் கொஞ்சதூரம் போனபோது ஆத்தா, "எனக்குத் தலை சுத்துது. வண்டியத் திருப்பு" என்றாள்.

"இன்னும் கொஞ்சதூரம்தான் அத்தை. என் தோள்ல சாஞ்சுக்கங்க."

"திருப்புடான்னா!"

நான் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எதற்காகத் திரும்பினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திருப்பச் சொன்னாள், திருப்பியிருக்கலாம். ஆத்தா என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது.

"ஒனக்கும் தெரியுமா?" என்றாள்.

எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மதினி ஆத்தாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஆத்தாவை.

"என்ன தெரியும் அத்தை?"

ஆத்தா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அதுவே பதிலாக ஆகிவிட்டது. மதினியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது. நிறம்கூட மாறவில்லை. கைகள் மட்டும் மடியில் கிடந்தபடி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"வண்டிய எடுங்க தம்பி," என்றாள். "அந்த ஆளைக் கேக்கணும்."

"வேணாம் மதினி."

"எடுங்க."

எடுத்தேன்.

அந்த மனிதர் வீட்டு வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் கன்னங்கள் ஒட்டிப்போய்க் கிழவர்போல இருந்தார். முழங்காலுக்குக் கீழே புண்கள் ஆறிய கறுப்புத் தழும்புகள். நாங்கள் இன்னார் என்று சொன்னதும் எழுந்தார். மதினியின் நெற்றியையும் தலையையும் பார்த்தார். கயிறு கையிலிருந்து நழுவியது.

"மண்டிக்காரர் சொல்லலீங்களா?" என்றார்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் மதினி.

அவர் நின்றபடியே சொன்னார். மலைப்பாதையில் ஏறும்போது அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது. வழியெல்லாம் பிணம். தண்ணீர் இல்லை. பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்தது. அவரும் இன்னொருவருமாக அண்ணனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அப்புறம் முடியவில்லை. ஒரு மரத்தடியில் சாய்த்து உட்காரவைத்தார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் நாங்க நடந்தோம்."

மதினி அவரை நெருங்கி ஒரு அடி வைத்தாள். "நீங்க நடக்க ஆரம்பிச்சப்ப அவுக கண்ணு தொறந்து இருந்துச்சா?"

அவர் என்னைப் பார்த்தார், நான் காப்பாற்றுவேன் என்பதுபோல.

"தொறந்துதாம்மா இருந்துச்சு. தண்ணி கேட்டாரு. எங்ககிட்ட இல்ல. போங்க போங்கன்னு கையக் காட்டுனாரு."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆத்தாவிடமிருந்துதான். அது அழுகை இல்லை. "மடியில தலைய வச்சு உசுரு போச்சுன்னாரே," என்றாள். "நீங்கதான் கொள்ளி வச்சீங்கன்னு சொன்னாரே எங்க வீட்டுக்காரரு."

"நான் அப்படிச் சொல்லலியே ஆத்தா," என்றார் அவர். "மண்டியில அவர் காலைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததைத்தான் சொன்னேன்."

ஆத்தா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் தன் மகனுக்கு ஒரு மடியும் ஒரு நெருப்பும் கிடைத்ததென்று நம்பி, அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அதுவும் போயிற்று. நான் அவளைத் தூக்கினேன். கனமே இல்லாமல் இருந்தாள்.

திரும்பும்போது மதினியின் வளையல்கள் ஒன்றோடொன்று படுவதுகூட எனக்குக் கேட்டது. பழைய வண்டியாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். புதுக்கோட்டைக்குள் வந்ததும் அவள், "மண்டிக்குப் போங்க" என்றாள்.

மண்டி வாசலில் வண்டியை நிறுத்தினேன். மூட்டை தூக்குபவர்கள், கமிஷன் ஏஜெண்டுகள், மாட்டுவண்டிகள் என்று தெரு நிறைந்திருந்தது. அப்பா வெளியே வந்தார். பின்சீட்டில் அந்த இருவரையும் பார்த்தார். ஆத்தாவின் சேலையில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார். எங்கே போய்விட்டு வருகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மதினி அதுவரை அப்பாவிடம் நேராகப் பேசியதே கிடையாது. அன்று பேசினாள்.

"மாமா, அவுக உசுரு போனதை யாரும் பாக்கல. அந்த ஆளே சொல்றாரு. நான் எதையும் எடுக்க மாட்டேன். யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு வண்டியின் புட்போர்டில் உட்கார்ந்தார். மண்டியில் யார் முன்னாலும் துண்டைக்கூடத் தோளிலிருந்து எடுக்காத மனிதர், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூட்டை தூக்கியவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். எனக்கு என் அப்பா அழுவார் என்பதே தெரியாது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. சித்தப்பாக்கள் காரியம் செய்துவிடவேண்டும் என்றார்கள். சொந்தக்காரர்கள் வந்து, அந்தப் பெண் பொட்டோடு நிற்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். இத்தனை மாதம் செத்தவனாகவே மகனை மனதில் வைத்திருந்த அப்பா, இப்போது கூடத்தில் நின்று, "அவன் செத்ததப் பாத்தவன் எவனாவது வந்து சொல்லட்டும். அப்பப் பேசுவோம்" என்றார். அன்றிலிருந்து ஆத்தா அப்பாவோடு வண்டியில் ஏறவே இல்லை. ஏன் ஆத்தாவிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் ஒருமுறை அப்பாவைக் கேட்டேன். "பெத்தவகிட்ட அதை எப்படிடா சொல்றது?" என்றார்.

தை மாதத்தில் சித்தப்பா மகளின் கல்யாணம் நடந்தது. மதினி வராமல் இருந்தால் நல்லது என்று அத்தைமார்கள் குசுகுசுத்தார்கள். அவள் வந்தாள். பந்தியில் பரிமாறினாள். மணமேடைப் பக்கம் மட்டும் அவளாகவே போகவில்லை.

சண்டை முடிந்தபிறகு பர்மாவிலிருந்து கப்பல்கள் வந்தன. அண்ணன் வரவில்லை. மதினி டீச்சர் டிரெயினிங் படித்து ஆலங்குடியில் வேலைக்குப் போனாள். அவள் காத்திருந்தாளா, அல்லது காத்திருப்பதாகச் சொல்லித் தன்னை யாரும் தொடாதபடி வைத்துக்கொண்டாளா, நான் கேட்டதில்லை.

ஆனால் எங்கள் எல்லோரையும் திகைக்கவைத்த காரியம் ஒன்றை அவள் அந்த முதல் வருஷத்திலேயே செய்திருந்தாள். அன்னவாசல் பக்கத்து அந்த மனிதருக்கு மண்டியில் வேலை கொடுக்கவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். வேலையில்லாமல் கயிறு திரித்துக்கொண்டிருக்கிறார், கால் சரியில்லை என்றாள். சித்தப்பா கத்தினார். "நம்ம பிள்ளையைக் காட்டுல விட்டுட்டு வந்தவன்! அவனுக்கு நம்ம சோறா?"

"அவரு தூக்கிக்கிட்டு நடந்திருக்காரு," என்றாள் மதினி. "அவுகளைக் கடைசியாப் பாத்த கண்ணு அது. பட்டினி கெடக்க வேணாம்."

அப்பா அவரைச் சேர்த்துக்கொண்டார். தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடைச் சீட்டுப் போடும் வேலை. அப்பாவுக்குப் பிறகு மண்டி என் கைக்கு வந்தபோதும் அவர் அங்கேயே இருந்தார். நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். தினமும் காலையில் நான் உள்ளே நுழையும்போது எழுந்து நிற்பார். நான் தலையசைப்பேன். மதினி மண்டிக்கு வரும் நாட்களில் அவரிடம் காலைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பாள். ஆத்தா கடைசிவரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தீபாவளிக்கு மண்டி ஆட்கள் வீட்டுக்கு வரும்போது அவருக்கு மட்டும் வேறு யாரையாவது கொண்டு இலை போடச் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.